டெஸ்க்டாப் செயலிக்குப் போர்ட் எண் தேர்ந்தெடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

டெஸ்க்டாப் செயலி எழுதுகிற யாருக்கும் ஒரு கட்டத்தில் உள்ளுக்குள் ஒரு சின்ன சர்வரை ஓடவிட வேண்டி வரும். திரை ஒரு புராசஸாகவும் கணக்குப் போடுகிற பகுதி இன்னொரு புராசஸாகவும் இருக்கும், இரண்டும் பேசிக்கொள்ள வேண்டும். அல்லது கூகுள் கணக்கு வழியாக லாகின் ஆன பிறகு பிரவுசர் திரும்பி வந்து செயலிக்குத் தகவல் தர வேண்டும். அல்லது கடையில் பிரவுசரில் ஓடும் பில்லிங் பக்கம் மேசைமேல் இருக்கும் தெர்மல் பிரிண்டருக்கு பில்லை அனுப்ப வேண்டும். எந்தப் போர்ட்டில், அதாவது கணினிக்குள் வரும் இணைப்பு எந்த நிரலுக்குப் போக வேண்டும் என்று காட்டும் எந்தக் கதவு எண்ணில், காத்திருந்து கேட்பது என்ற கேள்வி அப்போது வரும், பெரும்பாலானோர் 8080 அல்லது 3000 அல்லது 5000 என்று ஒன்றைப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். எழுதியவரின் கணினியில் அது ஓடும். பலருடைய கணினிகளில் போய் உட்காரும்போதுதான் தொல்லை ஆரம்பிக்கும், அதுவும் "நேற்று வரைக்கும் ஓடியது, இன்று காலையிலிருந்து திறக்கவே மாட்டேன் என்கிறது" என்கிற வகைத் தொல்லை.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காலியான போர்ட்டைத் தேடாதீர்கள். ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள், பிடிக்க முடிந்தால் அது காலியாக இருந்தது என்று அர்த்தம். எந்த எண் என்று முடிவு செய்யும் வேலையை முடிந்தவரை ஆப்பரேட்டிங் சிஸ்டத்திடமே விட்டுவிடுங்கள். கீழே வருவதில் பெரும்பகுதி இதை ஒழுங்காகச் செய்வது எப்படி என்பதும், அப்படி விட முடியாத இடத்தில் என்ன செய்வது என்பதும்தான்.

படி 1: போர்ட் உண்மையிலேயே வேண்டுமா?

பேசிக்கொள்ளும் இரண்டு பகுதிகளும் ஒரே கணினியில் இருந்து, இரண்டையும் எழுதியது நீங்களே என்றால், போர்ட்டே இல்லாமல் வேலையை முடிக்கலாம். விண்டோஸில் நேம்டு பைப் இருக்கிறது, லினக்ஸிலும் மேக்கிலும் யூனிக்ஸ் டொமைன் சாக்கெட் இருக்கிறது. விண்டோஸ் 10-இலும் 2018-இல் வந்த 1803 பதிப்பிலிருந்து யூனிக்ஸ் சாக்கெட் வேலை செய்கிறது. இவற்றுக்கு எண் கிடையாது, ஃபைல் பாதை போன்ற ஒரு பெயர்தான். பெயரில் பயனரின் அடையாளத்தைச் சேர்த்துவிட்டால் மோதலுக்கு இடமே இல்லை. யார் இணையலாம் என்பதை ஃபைல் அனுமதி போலவே கட்டுப்படுத்தலாம், ஃபயர்வால் நடுவில் வராது, இணையப் பக்கம் எதுவும் உள்ளே எட்டிப்பார்க்க முடியாது.

ஆனால் மறுமுனையில் இருப்பது பிரவுசர் என்றாலோ, அதே நெட்வொர்க்கில் இருக்கும் வேறொரு கணினி என்றாலோ, டிசிபி (இணைப்பு ஏற்படுத்திக்கொண்டு தகவல் அனுப்பும் முறை) போர்ட் தவிர வேறு வழியில்லை. உங்கள் நிலைமை அதுதான் என்று உறுதியானால் மேலே படியுங்கள்.

படி 2: அந்த எண் யாருக்குத் தெரிய வேண்டும்?

எல்லா முடிவும் இந்தக் கேள்வியில்தான் தொங்குகிறது, ஆனால் நிறைய பேர் இதைக் கேட்டுக்கொள்வதே இல்லை.

உங்கள் செயலியின் இன்னொரு பகுதிக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்றால் எந்த எண்ணாக இருந்தாலும் சரி, ஒவ்வொரு முறை திறக்கும்போதும் மாறினாலும் சரி. லாகின் முடிந்து திரும்பி வரும் பிரவுசருக்கும் அப்படித்தான், ஏனென்றால் பிரவுசரைத் திறக்கும்போதே திரும்ப வேண்டிய முகவரியை நீங்கள்தான் எழுதி அனுப்புகிறீர்கள். இதற்கென்றே 2017-இல் ஆர்எஃப்சி 8252 என்ற இணைய நெறிமுறை ஆவணம் வந்தது. பிரவுசர் டெஸ்க்டாப் செயலியின் லூப்பேக் முகவரிக்கு (கணினி தன்னைத்தானே குறிக்கும் 127.0.0.1 போன்ற முகவரி) திரும்பும்போது எந்தப் போர்ட் எண் இருந்தாலும் லாகின் சர்வர் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று அதில் கட்டாயமாகவே சொல்லியிருக்கிறது. அதைப் பின்பற்றாமல், முன்கூட்டியே பதிந்த முகவரியோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும் என்று அடம்பிடிக்கும் சர்வர்களும் இருக்கின்றன. அங்கே மட்டும் நான்கைந்து எண்களைப் பதிந்து வைத்துக்கொண்டு வரிசையாக முயல வேண்டியதுதான்.

எண்ணை வெளியே இருக்கும் ஒருவர் முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்றால் கதை வேறு. ஜிஎஸ்டி தளத்தில் டிஜிட்டல் கையொப்பம் போடுகிறவர்களுக்கு எம்சைனர் பழக்கமாக இருக்கும். இணையப் பக்கம் உங்கள் கணினியில் ஓடும் அந்தச் சிறிய நிரலோடு பேச வேண்டும், அது எந்த எண்ணில் கேட்கிறது என்று பக்கத்துக்கு யாரும் போய்ச் சொல்ல முடியாது. அங்கே நிலையான எண் தேவை. அலுவலகத்தில் பத்து கணினிகள் ஒரு கணினியில் இருக்கும் செயலியோடு இணைகின்றன, நெட்வொர்க் பார்த்துக்கொள்கிறவர் ஃபயர்வாலில் ஒரு எண்ணைத் திறந்துவிட வேண்டும் என்றாலும் நிலையான எண்தான்.

படி 3: எண்களின் வரைபடம்

போர்ட் எண் 16 பிட், அதனால் 0 முதல் 65535 வரை. டிசிபிக்கும், இணைப்பு ஏற்படுத்தாமலே தகவல் அனுப்பும் யூடிபிக்கும் தனித்தனி வரிசை, ஒன்றில் 7000 பிடிபட்டிருந்தாலும் இன்னொன்றில் காலியாக இருக்கலாம். எண்களைப் பதிவுசெய்து பராமரிப்பது ஐயானா என்ற உலகளாவிய அமைப்பு. 2011-இல் வந்த ஆர்எஃப்சி 6335 இவற்றை மூன்றாகப் பிரிக்கிறது: 0 முதல் 1023 வரை சிஸ்டம் போர்ட்டுகள், 1024 முதல் 49151 வரை விண்ணப்பித்துப் பதிந்துகொள்ளக்கூடியவை, 49152 முதல் 65535 வரை யாருக்கும் பதிந்து தரப்படாத தற்காலிக எண்கள்.

1023 வரை உள்ள பக்கம் போகாதீர்கள். லினக்ஸில் சாதாரணப் பயனராக அதைத் திறக்கவே முடியாது. விண்டோஸில் அந்தத் தடை இல்லை என்றாலும், வெப் சர்வருக்கும் மெயிலுக்கும் உரிய எண்ணில் ஒரு டெஸ்க்டாப் செயலி உட்கார்ந்தால் அந்தக் கணினியில் வேறு எதாவது ஒருநாள் உடையும்.

இப்போது முக்கியமான விஷயம். உங்கள் கணினி வெளியே எங்கே இணைந்தாலும், பிரவுசர் ஒரு பக்கத்தைத் திறந்தாலும்கூட, இந்தப் பக்கத்தில் ஒரு தற்காலிகப் போர்ட்டை எடுத்துக்கொள்ளும். எந்த எண்களிலிருந்து எடுக்கும் என்பது சிஸ்டத்தைப் பொறுத்தது. விண்டோஸ் விஸ்டாவிலிருந்தும், மேக்கிலும், 49152 முதல் 65535 வரை, மொத்தம் 16384 எண்கள். லினக்ஸில் இயல்பான அமைப்பு 32768 முதல் 60999 வரை. அதாவது லினக்ஸ் ஐயானாவின் பிரிவைப் பின்பற்றவில்லை, பதிந்துகொள்ளக்கூடிய பகுதிக்குள் வெகுதூரம் இறங்கி வருகிறது. 40000-ஐ உங்கள் நிலையான எண்ணாக வைத்தால் விண்டோஸில் பிரச்சினை இருக்காது, லினக்ஸில் என்றைக்காவது ஒருநாள் ஏதோ ஒரு வெளி இணைப்பு அதே எண்ணை எடுத்து வைத்திருக்கும், உங்கள் செயலி திறக்காது, ஐந்து நிமிடம் கழித்துத் தானாகவே சரியாகிவிடும். இப்படி வந்து போகும் பிழையைத் துரத்துவது போலச் சலிப்பான வேலை வேறில்லை.

படி 4: 0 என்று கொடுத்து எண்ணை வாங்குங்கள்

நிலையான எண் தேவையில்லாத எல்லா இடத்திலும் செய்ய வேண்டியது இதுதான். சாக்கெட்டை (நிரல் நெட்வொர்க்கோடு பேசும் முனை) பைண்ட் செய்யும்போது, அதாவது ஒரு முகவரியோடும் எண்ணோடும் கட்டும்போது, முகவரியாக 127.0.0.1, போர்ட்டாக 0 கொடுங்கள். பூஜ்யம் என்பது "நீயே ஒன்றைக் கொடு" என்று சிஸ்டத்திடம் கேட்பது. அது காலியான ஒன்றை எடுத்து உங்கள் சாக்கெட்டோடு கட்டிவிடும். பிறகு லிசன் செய்துவிட்டு, அதாவது வரும் இணைப்புகளுக்காகக் காத்திருக்க வைத்துவிட்டு, எந்த எண் கிடைத்தது என்று அந்த சாக்கெட்டிடமே கேளுங்கள். பைத்தானில் கெட்சாக்நேம், ஜாவாவில் சர்வர்சாக்கெட்டின் கெட்லோக்கல்போர்ட், டாட்நெட்டில் டிசிபிலிசனரின் லோக்கல்எண்ட்பாயின்ட், நோடில் லிசன் ஆன பிறகு அட்ரஸ் தரும் போர்ட். கோ மொழியில் முகவரியின் கடைசியில் முக்காற்புள்ளியும் 0-வும் போட்டு லிசனைக் கூப்பிட்டால் போதும்.

இதைத் தலைகீழாகச் செய்யும் ஒரு வழி எங்கும் பரவியிருக்கிறது: 0 கொடுத்து ஒரு சாக்கெட்டைத் திற, எண்ணைக் குறித்துக்கொள், சாக்கெட்டை மூடு, அந்த எண்ணைச் சர்வருக்குக் கொடு, சர்வர் மறுபடி திறக்கட்டும். அல்லது 8000-இல் ஆரம்பித்து ஒவ்வொரு எண்ணோடும் இணைந்து பார்த்து, இணைப்பு மறுக்கப்பட்டால் காலி என்று முடிவு செய்வது. இரண்டிலும் ஒரே ஓட்டை. பார்த்த நேரத்துக்கும் திறக்கும் நேரத்துக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறது, அதில் யார் வேண்டுமானாலும் அந்த எண்ணை எடுத்துக்கொள்ளலாம். டெஸ்ட்டுகளை இணையாக ஓட்டும் கணினியில் இது அடிக்கடி நடக்கும், உங்கள் செயலி இரண்டு முறை டபுள் கிளிக் ஆனாலும் நடக்கும். பேருந்தில் காலி சீட்டைப் பார்த்துவிட்டு இறங்கிப் போய்த் தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு வருகிற மாதிரி. உட்கார்ந்த பிறகு எழுந்திருக்கக் கூடாது. எந்த சாக்கெட்டைத் திறந்தீர்களோ அதே சாக்கெட்டில்தான் சர்வர் ஓட வேண்டும்.

நீங்கள் பயன்படுத்தும் வெப் ஃபிரேம்வொர்க் போர்ட் எண்ணை மட்டும்தான் கேட்கிறது, சாக்கெட்டை வாங்கிக்கொள்ளாது என்றால், அதற்கே 0 கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலானவை ஏற்றுக்கொள்ளும். சில நூலகங்கள் 0 என்பதை "எதுவும் சொல்லவில்லை" என்று எடுத்துக்கொண்டு தங்கள் இயல்பான எண்ணுக்குப் போய்விடும், அதனால் உண்மையில் எந்த எண் கிடைத்தது என்று லாகில் ஒரு வரி எழுதிச் சரிபார்த்துவிடுங்கள்.

படி 5: கிடைத்த எண்ணை மறுபக்கத்துக்குக் கொண்டுசேர்ப்பது

எண் ஒவ்வொரு முறையும் மாறும் என்பதால், பேச வேண்டியவருக்கு அதைச் சொல்ல வேண்டும். எனக்குப் பிடித்த வழிகள் இரண்டு.

திரைப் பகுதி பின்னணிப் பகுதியைக் குழந்தைப் புராசஸாகத் தொடங்குகிறது என்றால், குழந்தை தன் ஸ்டாண்டர்ட் அவுட்புட்டின் முதல் வரியில் எண்ணை அச்சிடட்டும், பெற்றோர் அந்த வரியைப் படித்துக்கொள்ளட்டும். அவ்வளவுதான், ஃபைல் வேண்டாம், காத்திருந்து காத்திருந்து முயன்று பார்க்கவும் வேண்டாம், ஏனென்றால் வரி வந்துவிட்டால் சர்வர் தயார். ஒரே ஒரு எச்சரிக்கை: அவுட்புட் பைப்புக்குப் போகும்போது பல மொழிகள் அதை பஃபரில் தேக்கி வைக்கும். எண்ணை அச்சிட்டவுடன் ஃபிளஷ் செய்து வெளியே தள்ளாவிட்டால் பெற்றோர் என்றென்றைக்கும் காத்துக்கொண்டிருப்பார். டெர்மினலில் ஓட்டிப் பார்த்தால் சரியாக இருக்கும், செயலிக்குள்ளிருந்து ஓட்டினால் தொங்கும்.

இரண்டும் தனித்தனியாகத் தொடங்குகின்றன என்றால் ஃபைல்தான். குரோமே இதைச் செய்கிறது: ரிமோட் டீபக்கிங் போர்ட்டை 0 என்று கொடுத்துத் திறந்தால், கிடைத்த எண்ணை அந்தப் புரொஃபைல் ஃபோல்டரில் டெவ்டூல்ஸ்ஆக்டிவ்போர்ட் என்ற ஃபைலில் எழுதிவிடும். நோட்புக் கருவியான ஜூபிட்டரும் தன் சர்வர் ஓடும்போது எண்ணையும் டோக்கனையும் (உள்ளே வர அனுமதிக்கும் ரகசியச் சொல்) ஒரு ஃபைலில் வைக்கிறது. உங்கள் ஃபைலை விண்டோஸில் பயனரின் லோக்கல் ஆப்டேட்டா ஃபோல்டரிலும், மேக்கில் லைப்ரரிக்குள் இருக்கும் அப்ளிகேஷன் சப்போர்ட்டிலும், லினக்ஸில் எக்ஸ்டிஜி ரன்டைம் ஃபோல்டரிலும் வையுங்கள். டெம்ப் ஃபோல்டர் வேண்டாம், லினக்ஸில் அது எல்லாப் பயனருக்கும் பொது.

எழுதும் முறையில் கொஞ்சம் கவனம் தேவை. லிசன் ஆன பிறகுதான் எழுத வேண்டும், முன்னால் எழுதினால் படிக்கிறவர் கதவு திறக்கும் முன்பே வந்து தட்டுவார். நேரடியாக அந்தப் பெயரில் எழுதாமல், பக்கத்தில் வேறு பெயரில் எழுதி முடித்துப் பெயரை மாற்றுங்கள், இல்லாவிட்டால் பாதி எழுதிய எண்ணை யாராவது படித்துவிட முடியும், 51234 என்பதில் 512 மட்டும் கைக்குக் கிடைக்கும். ஃபைலைப் படிக்கும் உரிமை அந்தப் பயனருக்கு மட்டும் இருக்கட்டும். செயலி மூடும்போது அழித்துவிடுங்கள், ஆனால் கிராஷ் ஆனால் அழியாது என்பதை மனதில் வைத்தே படிக்கும் பக்கத்தை எழுதுங்கள். ஃபைல் இருக்கிறது என்பதால் செயலி ஓடுகிறது என்று நம்பக் கூடாது. அதில் இருக்கும் புராசஸ் எண்ணையும் முழுதாக நம்ப முடியாது, சிஸ்டம் அந்த எண்ணை வேறு புராசஸுக்குக் கொடுத்திருக்கலாம். இணைந்து பாருங்கள், நீ யார் என்று கேளுங்கள், சரியான பதில் வந்தால் மட்டும் தொடருங்கள்.

படி 6: நிலையான எண்தான் வேண்டும் என்றால்

என் பரிந்துரை 10000-க்கும் 32767-க்கும் நடுவில் ஒன்று. மேலே சொன்ன எல்லாச் சிஸ்டத்தின் தற்காலிக எண்களுக்கும் இது கீழே இருக்கிறது, புகழ்பெற்ற எண்கள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் பகுதிக்கு மேலே இருக்கிறது. அதற்குள்ளும் 12345, 20000, 22222 போன்ற அழகான எண்களைத் தவிருங்கள், உங்களுக்கு அழகாகத் தெரிவது இன்னொருவருக்கும் தெரிந்திருக்கும். ஏதோ ஒரு ரேண்டம் எண்ணை எடுத்து, ஐயானாவின் பட்டியலில் யாராவது பதிந்திருக்கிறார்களா என்று பாருங்கள். பட்டியலில் இல்லை என்பது யாரும் பயன்படுத்தவில்லை என்று உறுதி தராது, அதனால் இணையத்திலும் ஒரு முறை தேடிப் பாருங்கள். உங்கள் செயலி நிறைய பேரிடம் போகிறது, புரோட்டோகாலும் நிலையானது என்றால் ஐயானாவிடம் விண்ணப்பித்துப் பதிந்துகொள்ளலாம், கட்டணம் இல்லை.

எதையெல்லாம் தொடக் கூடாது? 3306 மைசீக்வெல், 5432 போஸ்ட்கிரெஸ், 1433 எஸ்க்யூஎல் சர்வர், 6379 ரெடிஸ், 27017 மாங்கோ, 3389 ரிமோட் டெஸ்க்டாப். 3000, 5173, 8000, 8080, 8888 எல்லாம் டெவலப்பர்களின் கணினியில் எப்போதும் யாராவது உட்கார்ந்திருக்கும் இடங்கள். கடை, ஆடிட்டர் அலுவலகம் போன்ற இடங்களுக்கு எழுதுகிறீர்கள் என்றால் 9000-ஐ மறந்துவிடுங்கள், டேலி வெளிச் செயலிகளோடு பேச இயல்பாகப் பயன்படுத்தும் எண் அதுதான், நம் ஊரில் பில்லிங் செய்யும் கணினியில் டேலி இல்லாமல் இருப்பது அரிது. பிஹெச்பி உலகத்திலும் இதே 9000-தான் தலைவலி. பிஹெச்பி நிரலை ஓட்டும் பிஹெச்பி-எஃப்பிஎம், அதில் பிழை தேடும் எக்ஸ்டீபக் இரண்டுமே அதை இயல்பாக வைத்திருந்ததால் மோதிக்கொண்டே இருந்தன, கடைசியில் எக்ஸ்டீபக் 3 வந்தபோது 9003-க்கு மாறிக்கொண்டது.

5000-இன் கதையும் தெரிந்திருக்க வேண்டும். பைத்தானின் வெப் ஃபிரேம்வொர்க்கான ஃபிளாஸ்க் இயல்பாக அந்த எண்ணில்தான் ஓடும். 2021-இல் வந்த மேக்ஓஎஸ் மான்டரேயில் ஆப்பிள் ஏர்பிளே ரிசீவரைச் சேர்த்தபோது அது 5000, 7000 இரண்டிலும் உட்கார்ந்துகொண்டது. அதுவரை ஒழுங்காக ஓடிய எத்தனையோ நிரல்கள் அப்டேட் செய்த மறுநாள் போர்ட் ஏற்கெனவே பயன்பாட்டில் இருப்பதாகச் சொல்லி நின்றன. இன்று காலியாக இருப்பது நாளை ஒரு சிஸ்டம் அப்டேட்டில் போய்விடலாம் என்பதற்கு இது போதும். அதனால்தான் நிலையான எண்ணைக்கூட செட்டிங்ஸில் மாற்ற வழி வைத்திருக்க வேண்டும்.

பிரவுசர் உங்களோடு பேசப் போகிறது என்றால் இன்னொரு வலையும் இருக்கிறது. பிரவுசர்கள் சில எண்களுக்கு இணையவே மறுக்கும். குரோமில் 5060, 5061, 6000, 6665 முதல் 6669 வரை, 10080 எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. சர்வர் ஒழுங்காக ஓடும், கட்டளை வரியிலிருந்து சோதித்தால் பதில் வரும், பிரவுசரில் மட்டும் பாதுகாப்பற்ற போர்ட் என்று பிழை வரும். நான் சொன்ன 10000-க்கு மேற்பட்ட பகுதியிலேயே 10080 இருக்கிறது, அதை ஒதுக்கிவிடுங்கள்.

ஒரே எண்ணை மட்டும் நம்பாமல் மூன்று அல்லது ஐந்து எண்கள் கொண்ட சிறு பட்டியல் வைத்துக்கொள்வது நல்லது. முதலாவதை பைண்ட் செய்து பாருங்கள், முடியாவிட்டால் அடுத்தது. இணையப் பக்கமும் அதே வரிசையில் தட்டிப் பார்க்கட்டும். ஆனால் பதில் சொன்னது உங்கள் செயலிதானா என்று கட்டாயம் உறுதி செய்ய வேண்டும், செயலியின் பெயரையும் பதிப்பையும் தரும் ஒரு சின்ன முகவரி வைத்தால் போதும். முதல் எண் பிடிபட்டிருக்கிறது என்றால் பிடித்திருப்பது உங்கள் செயலியின் முந்தைய பிரதியாகவே இருக்கலாம். அப்போது இன்னொரு எண்ணில் இரண்டாவது பிரதி ஓட வேண்டியதில்லை, முதல் பிரதியின் திரையை முன்னால் கொண்டுவந்துவிட்டு இது மூடிக்கொள்ளலாம்.

லினக்ஸில் தற்காலிக எண்களுக்குள் நிலையான போர்ட் வைத்தவர்களுக்கு நேரும் ஒரு விசித்திரத்தையும் சொல்லிவிடுகிறேன். சர்வர் இன்னும் தொடங்காத நேரத்தில் உங்கள் கிளையன்ட் (சர்வரோடு இணையும் பகுதி) 127.0.0.1-இல் 40000-க்கு இணைய முயன்றுகொண்டே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முயற்சிக்கும் சிஸ்டம் இந்தப் பக்கத்தில் ஒரு தற்காலிக எண் தரும். ஒருமுறை அந்தத் தற்காலிக எண்ணே 40000 ஆக அமைந்துவிட்டால், அனுப்புகிறவரும் பெறுகிறவரும் ஒன்றாகி, கிளையன்ட் தன்னோடு தானே இணைந்துவிடும். இணைப்பு கிடைத்ததாகக் காட்டும், அனுப்பிய எழுத்துகளே திரும்பி வரும். இதற்குள் சர்வர் தொடங்கினால் அதற்கு 40000 கிடைக்காது. கேட்டால் நம்ப மாட்டார்கள், ஆனால் டிசிபியின் விதிப்படி இது முறையான இணைப்பு. 32768-க்குக் கீழே போய்விட்டால், இயல்பான அமைப்பில் இது நடக்கவே நடக்காது.

படி 7: விண்டோஸின் மறைவான ஒதுக்கீடு

இந்தப் பகுதியைத் தனியாக வைத்ததற்குக் காரணம், இதில் மாட்டிக்கொள்கிறவர்கள் நேரத்தை மிக அதிகமாக இழக்கிறார்கள். விண்டோஸில் போர்ட் பிடிபட்டிருந்தால் 10048 என்ற பிழை எண் வரும். சில நேரம் அதற்குப் பதிலாக 10013 வரும், அனுமதி மறுக்கப்பட்டது என்று பொருள். திறந்திருக்கும் போர்ட்டுகளைக் காட்டும் நெட்ஸ்டாட்டில் பார்த்தால் அந்த எண்ணில் யாருமே இருக்க மாட்டார்கள். அட்மினாக ஓட்டினாலும் அதே பிழை. ஆன்டிவைரஸை அணைத்துப் பார்ப்பார்கள், ஃபயர்வாலை அணைத்துப் பார்ப்பார்கள், ஒன்றும் மாறாது.

பெரும்பாலும் காரணம் ஹைப்பர்-வி, விண்டோஸுக்குள் மெய்நிகர் கணினிகளை ஓட்டும் வசதி. டாக்கர் அல்லது லினக்ஸ் சப்சிஸ்டம் நிறுவியிருந்தால் அதுவும் கூடவே வந்திருக்கும். அது தன் நெட்வொர்க் வேலைக்காகப் போர்ட்டுகளைக் கட்டுக்கட்டாக, வழக்கமாக நூறு நூறாக, ஒதுக்கி வைத்துக்கொள்கிறது. அந்த ஒதுக்கீட்டில் யாரும் கேட்டுக்கொண்டிருப்பதில்லை, அதனால் நெட்ஸ்டாட்டில் தெரியாது. ரீபூட் செய்தால் இடம் மாறலாம், அதனால்தான் நேற்று ஓடியது இன்று ஓடவில்லை. பார்க்க வேண்டிய இடம் நெட்எஸ்ஹெச் என்ற கட்டளை: இன்டர்ஃபேஸ், ஐபிவி4, ஷோ எக்ஸ்க்ளூடட்போர்ட்ரேஞ்ச் என்று கொடுத்து புரோட்டோகால் டிசிபி என்றால், தொடக்க எண்ணும் முடிவு எண்ணுமாக ஒரு பட்டியல் வரும். உங்கள் எண் ஏதாவது ஒரு வரிக்குள் விழுகிறதா என்று பாருங்கள்.

விழுந்தால், அட்மின் உரிமையோடு விண்டோஸின் நெட்வொர்க் சேவைகளில் ஒன்றான வின்நேட் சேவையை நிறுத்தி, அதே நெட்எஸ்ஹெச்-இல் உங்கள் எண்ணை நிரந்தர ஒதுக்கீடாகச் சேர்த்து, சேவையை மறுபடி தொடங்கலாம். இப்படிச் சேர்த்த எண்கள் பட்டியலில் நட்சத்திரக் குறியோடு வரும். சிஸ்டம் அவற்றைத் தானாக யாருக்கும் தராது, ஆனால் அந்த எண்ணைக் குறிப்பாகக் கேட்கும் செயலிக்குக் கொடுக்கும். இன்ஸ்டாலர் அட்மின் உரிமையோடுதான் ஓடுகிறது என்றால் இதை அதிலேயே செய்துவிடலாம். நிறைய வாடிக்கையாளர்கள் இருக்கும் செயலிக்கு இது நிறைய அழைப்புகளைக் குறைக்கும். 0 கொடுத்து வாங்குகிறவர்களுக்கோ இந்தத் தொல்லையே கிடையாது, சிஸ்டம் ஒதுக்கீட்டைத் தாண்டித்தான் எண் தரும்.

படி 8: எந்த முகவரியில் கேட்பது

ஒரே கணினிக்குள் பேச்சு என்றால் 127.0.0.1 மட்டும். 0.0.0.0 என்று போட்டால் வைஃபையில் இருக்கும் எல்லோருக்கும் கதவைத் திறந்து வைத்தது போல ஆகும், விண்டோஸில் ஃபயர்வால் அனுமதி கேட்கும் பெட்டியும் எழும். அந்தப் பெட்டியைப் பார்த்துப் பயந்து கேன்சல் அழுத்துகிறவர்கள் நிறைய பேர்.

லோக்கல்ஹோஸ்ட் என்று பெயரைப் போடாமல் எண்ணாகவே போடுங்கள். அந்தப் பெயர் சில நேரம் ஐபிவி4-இன் 127.0.0.1-க்கும் சில நேரம் ஐபிவி6-இன் ::1-க்கும் போகும். நோட் 17 வந்தபோது பெயர்களைத் தீர்க்கும் வரிசை மாறியதால், 127.0.0.1-இல் கேட்டுக்கொண்டிருந்த சர்வர்களோடு லோக்கல்ஹோஸ்ட் என்று இணைய முயன்ற நிரல்கள் ::1-க்குப் போய் மறுக்கப்பட்டன. இரண்டு பக்கமும் ஒரே எண் முகவரியை எழுதிவிட்டால் பேச்சுக்கே இடமில்லை. ஆர்எஃப்சி 8252-உம் இதையேதான் பரிந்துரைக்கிறது.

சாக்கெட் அமைப்பில் ரீயூஸ்அட்ரஸ் பற்றியும் ஒரு வார்த்தை. லினக்ஸில் செயலியை மூடி உடனே திறந்தால் பழைய இணைப்புகள் ஒரு நிமிடம் டைம்-வெயிட் என்ற காத்திருப்பு நிலையில் இருப்பதால் அதே எண் கிடைக்காமல் போகலாம், அதற்கு இந்த அமைப்பைப் போடுவார்கள், அங்கே அது சரி. விண்டோஸில் இதே அமைப்புக்கு வேறு அர்த்தம்: ஏற்கெனவே ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கும் போர்ட்டில் இன்னொரு செயலியும் உட்கார அது வழிவிடும், வரும் இணைப்பு யாருக்குப் போகும் என்று சொல்ல முடியாது. விண்டோஸில் அதைப் போடாதீர்கள், அதற்குப் பதில் எக்ஸ்க்ளூசிவ்அட்ரஸ்யூஸ் போடுங்கள். இணையத்திலிருந்து நகலெடுத்த சாக்கெட் நிரலில் இது பெரும்பாலும் தவறாகவே இருக்கும்.

படி 9: கதவு திறந்தால் காவலும் வேண்டும்

127.0.0.1-இல்தானே கேட்கிறது, வெளியாள் வர முடியாதே என்று நினைப்பது ஆபத்து. பயனர் திறக்கும் எந்த இணையப் பக்கமும் அவருடைய பிரவுசர் வழியாக அந்தப் போர்ட்டைத் தட்டலாம். அண்மைய குரோம் பதிப்புகள் இதற்கு அனுமதி கேட்கத் தொடங்கியிருக்கின்றன, ஆனாலும் அதை மட்டும் நம்ப முடியாது. 2019 ஜூலையில் ஜூமின் மேக் செயலி 19421 என்ற போர்ட்டில் ஒரு சர்வரை ஓட்டியது வெளியே வந்தது. ஏதோ ஒரு இணையப் பக்கத்தைத் திறந்தாலே, பயனரைக் கேட்காமல் வீடியோ இயங்கும் நிலையில் அவரை ஒரு மீட்டிங்கில் சேர்க்க முடிந்தது. ஜூமை நீக்கினாலும் அந்தச் சர்வர் கணினியில் தங்கியிருந்தது. கடைசியில் ஆப்பிளே ஓசையில்லாமல் ஒரு அப்டேட் அனுப்பி அதை அகற்றியது.

ஆகவே செயலி தொடங்கும் ஒவ்வொரு முறையும் நீளமான ரேண்டம் டோக்கன் ஒன்றை உருவாக்கி, படி 5-இல் சொன்ன அதே வழியில் எண்ணோடு சேர்த்துக் கொடுங்கள், அது இல்லாத எந்தக் கோரிக்கைக்கும் பதில் வேண்டாம். இணையப் பக்கம் இணைகிறது என்றால், கோரிக்கை எந்தத் தளத்திலிருந்து வருகிறது என்று சொல்லும் ஆரிஜின் ஹெடரில் உங்கள் தளத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ஹோஸ்ட் ஹெடரையும் பாருங்கள், 127.0.0.1 தவிர வேறு பெயர் இருந்தால் மறுத்துவிடுங்கள், வெளித்தளத்தின் பெயரையே உங்கள் கணினியின் முகவரிக்குத் திருப்பிவிடும் டிஎன்எஸ் ரீபைண்டிங் என்ற தாக்குதல் அந்த வழியாகத்தான் நுழையும். செயலியை நீக்கும்போது பின்னணியில் ஓடும் சர்வரும் சேர்ந்து போக வேண்டும்.

படி 10: முடியாதபோது என்ன சொல்வது

"நெட்வொர்க் பிழை" என்று மட்டும் காட்டினால் பயனரும் பாவம், போன் எடுக்கிறவரும் பாவம். எந்த எண், என்ன பிழை, முடிந்தால் யார் பிடித்திருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். பிழை எண் விண்டோஸில் 10048, லினக்ஸில் 98, மேக்கில் 48 என்றால் வேறு யாரோ பிடித்திருக்கிறார்கள். விண்டோஸில் 10013 என்றால் படி 7-ஐப் பாருங்கள். லினக்ஸில் 13 என்றால் 1024-க்குக் கீழே போயிருக்கிறீர்கள்.

யார் பிடித்திருக்கிறார்கள் என்று பார்க்க, விண்டோஸில் ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து நெட்வொர்க் பகுதியில் லிசனிங் போர்ட்ஸ் என்பதை விரித்தால் போதும், புராசஸ் பெயரோடு தெரியும். போனில் வழிகாட்டும்போது கட்டளை தட்டச் சொல்வதைவிட இது எளிது. லினக்ஸில் எஸ்எஸ், மேக்கில் எல்எஸ்ஓஎஃப் என்ற கட்டளைகள்.

வெளியிடும் முன் சோதிக்க வேண்டியவை: உங்கள் எண்ணில் வேண்டுமென்றே வேறொரு நிரலை உட்காரவைத்துவிட்டுச் செயலியைத் திறந்து பாருங்கள். டாஸ்க் மேனேஜரில் செயலியைக் கொன்றுவிட்டு உடனே திறந்து பாருங்கள், பழைய ஃபைல் அதைக் குழப்புகிறதா என்று தெரியும். டபுள் கிளிக்கை வேகமாக நான்கு முறை செய்யுங்கள். டாக்கர் நிறுவிய விண்டோஸில் இரண்டு மூன்று முறை ரீபூட் செய்து பாருங்கள். அப்புறம் ஒரே கணினியில் இரண்டு பயனர் கணக்குகளில் லாகின் செய்து இரண்டிலும் செயலியைத் திறந்துவிடுங்கள். லூப்பேக் இருவருக்கும் பொது, அதனால் இரண்டாமவரின் திரை முதலாமவரின் சர்வரோடு போய் இணைந்து, அவருடைய கணக்கு வழக்குகளைக் காட்டுகிறதா என்று அங்கேதான் தெரியவரும்.